எத்தனையாவது படி?

“சார், மூணாவது படி முங்கிட்டு!”

2023 டிசம்பர் 3-ம் தேதி ராத்திரி, மணி இரண்டே கால். வாட்ச்மேன் அண்ணாச்சி கீழேயிருந்து டார்ச்சை ஆட்டிக்கொண்டே கொடுத்த குரல் அது. மிக்ஜாம் புயல் நகர மனசில்லாமல் கடலுக்குள் நின்றுகொண்டு சென்னை மேல் கொட்டிக்கொண்டிருந்தது. வேளச்சேரியில் இருக்கிற எங்கள் அபார்ட்மென்ட்டுக்குத் தெருவிலிருந்து ஏழு படி. ஏழாவது படியைத் தாண்டினால் தரைத்தளத்து வீடுகளுக்குள் தண்ணீர். கார்கள் கதை மூன்றாவது படியோடு முடிந்துவிட்டது.

பதினாறு வீட்டிலும் யாரும் தூங்கவில்லை. கரன்ட் எப்போதோ போய்விட்டது. ஆளுக்கொரு போன். சார்ஜ் 40, 31, 22 என்று இறங்கிக்கொண்டே வருகிறது. வாட்ஸப் குரூப்பில் ஒருவர் பத்து நிமிஷத்துக்கு ஒரு ரேடார் படம் போடுகிறார். “மஞ்சள் போய் சிவப்பு வந்துடுச்சு” என்று இன்னொருவர் வர்ணனை. ரிடையர்ட் பேங்க் மேனேஜர் ஒருவர் காற்றழுத்தம், கரையைக் கடக்கும் நேரம் என்று விளக்கம் தருகிறார். ஒருவர் செம்பரம்பாக்கத்தில் எத்தனை அடி என்று கேட்கிறார். ஒருவர் 2015 வெள்ளத்தின் பழைய வீடியோவை எடுத்துப் போட்டு “இப்போது சைதாப்பேட்டை” என்கிறார். மூன்றாவது மாடி மாமி கந்த சஷ்டி கவசம் அனுப்பினார்.

இத்தனைக்கும் நடுவில் உபயோகமான தகவல் என்று எங்களுக்கு வந்தது ஒன்றே ஒன்று. “மூணாவது படி.”

அந்த ஒரு வரியை வைத்துத்தான் தரைத்தளத்து வீட்டில் இருந்த எண்பது வயதுப் பாட்டியை நாற்காலியோடு தூக்கி முதல் மாடிக்குக் கொண்டு போனோம். கேஸ் சிலிண்டரை மேலே ஏற்றினோம். அரிசி மூட்டையைக் காப்பாற்றினோம்.

பிறகு பத்திரிகைகளிலும் டிவியிலும் வழக்கம்போல எழுதினார்கள், பேசினார்கள். சென்னை மக்கள் விழிப்புணர்வு பெற்றுவிட்டார்கள், வானிலை அறிவியலைக் கரைத்துக் குடித்துவிட்டார்கள், ரேடார் படிக்கிறார்கள் என்று ஒரே பாராட்டு. எனக்குப் பெருமையாக இல்லை. கோபம்தான் வருகிறது. லட்சக்கணக்கான பேர் ராத்திரி பூராவும் கண் விழித்து ரேடார் பார்க்கிற ஊர் விழிப்புணர்வு உள்ள ஊர் இல்லை. அந்த வேலைக்குச் சம்பளம் வாங்குகிறவர்கள் தனக்குச் சொல்வார்கள் என்ற நம்பிக்கையை இழந்துவிட்ட ஊர்.

எஸ்.ஆர்.ரமணன் காலம் ஞாபகம் இருக்கிறதா? 2016 மார்ச்சில் அவர் ஓய்வு பெறும் வரைக்கும் மழை என்றால் அவர் முகம்தான். அவரிடம் நாம் கேட்டதெல்லாம் ஒரே கேள்வி, நாளைக்கு ஸ்கூல் லீவா இல்லையா? அவ்வளவுதான். 2015 டிசம்பர் 1 நம்மை மாற்றியது. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர். அதற்குப் பிறகு மழை என்றால் நமக்கு லீவு இல்லை, பயம். பிரதீப் ஜான் போன்ற தனியார் ஆர்வலர்கள் ஃபேஸ்புக்கில் எழுதுவதை ஒரு நகரமே விழுந்து விழுந்து படிப்பது சும்மாவா? அவர் நம்மை மாதிரிப் பேசுகிறார். அரசாங்கம் அரசாங்கம் மாதிரிப் பேசுகிறது.

அரசாங்கம் எப்படிப் பேசும் என்று பாருங்கள். “ஓரிரு இடங்களில் கன முதல் மிகக் கனமழையும், ஒரு சில இடங்களில் அதி கனமழையும் பெய்யக்கூடும்.” கனம், மிகக் கனம், அதி கனம்! கனமழை என்றால் கிட்டத்தட்ட 7 முதல் 11 சென்டிமீட்டர், மிகக் கனமழை 12 முதல் 20, அதற்கு மேல் அதி கனமழை. இது எத்தனை பேருக்குத் தெரியும்? தெரிந்தாலும் என்ன செய்வது? 20 சென்டிமீட்டர் என்றால் என் தெருவில் முட்டிவரையா, இடுப்புவரையா?

நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கிரவுண்ட் நிலத்தில் 20 சென்டிமீட்டர் மழை விழுந்தால் சுமார் 44 ஆயிரம் லிட்டர். அதாவது நாம் கோடையில் காசு கொடுத்து வாங்குகிற 12 ஆயிரம் லிட்டர் டேங்கர் லாரி கிட்டத்தட்ட நான்கு. 426 சதுர கிலோமீட்டர் மாநகராட்சிப் பரப்பு முழுக்க அதே மழை விழுந்தால் 3 டி.எம்.சி. செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவே 3.645 டி.எம்.சி.தான். கிட்டத்தட்ட ஒரு செம்பரம்பாக்கத்தையே தூக்கி ஊர் தலையில் கவிழ்த்த மாதிரி. 2021 நவம்பர் 6-ம் தேதி ராத்திரி தூங்கி 7-ம் தேதி காலையில் எழுந்தபோது நுங்கம்பாக்கத்தில் 21 சென்டிமீட்டர் பதிவாகியிருந்தது. அன்றைக்குத் தி.நகர்காரர்கள் கட்டிலிலிருந்து காலைத் தண்ணீரில்தான் வைத்தார்கள்.

அந்த 21 சென்டிமீட்டர் என்ற எண் கூட நமக்கு எப்போது வரும் தெரியுமா? 24 மணி நேர மழைக் கணக்கை முடிப்பது காலை எட்டரை மணிக்கு. உள்ளே வந்த தண்ணீரை முறத்தால் வாரி வெளியே கொட்டிக்கொண்டிருக்கும்போது டிவியில் சொல்வார்கள், நேற்றிரவு இத்தனை சென்டிமீட்டர் என்று. எனக்குத் தெரியும் ஸார், நான்தானே வாரிக்கொண்டிருக்கிறேன்!

அடுத்த அரசாங்க வாக்கியம் இன்னும் பிரமாதம். “தாழ்வான பகுதிகளில் வசிப்போர் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.” தாழ்வான பகுதி எது? தன் வீடு தாழ்வான பகுதியில் இருக்கிறது என்று எந்த வீட்டுக்காரராவது ஒப்புக்கொள்வாரா? பில்டர் விற்கும்போது சொன்னாரா? பத்திரத்தில் இருக்கிறதா? “பாதுகாப்பான இடம்” எங்கே இருக்கிறது, எந்த வழியாகப் போவது, எத்தனை மணிக்குள் போவது? ஒன்றும் கிடையாது. சொல்லிவிட்டோம் என்று ஃபைலில் எழுதிக்கொள்வதற்காகச் சொல்லப்படுகிற வாக்கியம் அது.

வானிலை மையத்தை நான் திட்டவில்லை. மிக்ஜாம் வருவதை அவர்கள் முன்கூட்டியே சொன்னார்கள். 4-ம் தேதி பொது விடுமுறையும் அறிவித்தாயிற்று. சில சமயம் தவறும். 2021 டிசம்பர் 30 அன்று திடீரென்று கொட்டித் தீர்த்த மழையை அவர்கள் கணிக்கவில்லை, அதை ஒப்புக்கொள்ளவும் செய்தார்கள். வானத்தில் நடப்பதைச் சொல்வதோடு அவர்கள் வேலை முடிகிறது. வானத்திலிருந்து விழுந்த தண்ணீர் என் தெருவுக்கு எப்போது, எவ்வளவு உயரத்துக்கு வரும் என்பதை யார் சொல்வது? அந்த இடத்தில்தான் நாற்காலி காலியாக இருக்கிறது. அதில்தான் எங்கள் அண்ணாச்சி டார்ச்சோடு உட்கார்ந்திருக்கிறார்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். அந்த ராத்திரி எங்கள் குரூப்பில் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி, “செம்பரம்பாக்கம் எவ்வளவு?” செம்பரம்பாக்கத்திலிருந்து திறக்கிற தண்ணீர் அடையாற்றில் போகிறது. ஜாபர்கான்பேட்டை, ஈக்காட்டுத்தாங்கல், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் ஆட்கள் கவலைப்பட வேண்டிய எண் அது. வேளச்சேரிக்கும் பள்ளிக்கரணைக்கும் வருவது வேறு தண்ணீர். கீழ்க்கட்டளை, நாராயணபுரம் மாதிரி சின்னச் சின்ன ஏரிகள் நிரம்பி வழிந்து சதுப்பு நிலத்துக்கு வருகிற தண்ணீர். அது ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போய், முட்டுக்காடு பக்கம் கடலில் சேர வேண்டும். புயல் நேரத்தில் கடல் பொங்கிக்கொண்டு நின்றால் வாங்காது. அப்புறம் எங்கே போகும்? படியேறும்.

அந்தச் சின்ன ஏரிகளில் எத்தனை அடி தண்ணீர் என்று எங்கேயாவது படித்திருக்கிறீர்களா? நான் தேடிப் பார்த்து அலுத்துவிட்டேன். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், வீராணம், இவற்றின் கணக்குதான் தினசரி வருகிறது. ஏன் தெரியுமா? அது குடிநீர்க் கணக்கு. கோடையில் குழாயில் தண்ணீர் வருமா என்று பார்ப்பதற்காக ஏற்பட்ட பட்டியல். அதை வைத்துக்கொண்டுதான் நாம் மூழ்குவோமா பிழைப்போமா என்று ராத்திரி இரண்டு மணிக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கிறோம்! ரேஷன் கார்டைக் காட்டி ரயில் ஏற முயற்சி செய்கிற மாதிரி.

2015 கதைக்கு வருவோம். டிசம்பர் 1-ம் தேதி செம்பரம்பாக்கத்திலிருந்து திறந்துவிட்டது விநாடிக்கு 29 ஆயிரம் கன அடி. ஒரு கன அடி 28.3 லிட்டர். 12 ஆயிரம் லிட்டர் டேங்கர் லாரிகளாக எண்ணினால் ஒவ்வொரு விநாடியும் 68 லாரி. படித்து முடிப்பதற்குள் எத்தனை லாரி போயிருக்கும் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். மத்திய தணிக்கைத் துறை 2018-ல் வெளியான அறிக்கையில் இதை மனிதர்களால் நேர்ந்த பேரிடர் என்றது. ஏரி உடையாமல் காப்பாற்ற வேறு வழியில்லை என்றது அரசுத் தரப்பு. அடையாற்றில் வந்தது செம்பரம்பாக்கத்துத் தண்ணீர் மட்டுமல்ல, மணிமங்கலம், ஆதனூர் பக்கத்து ஏரிகள் எல்லாம் சேர்ந்துதான் வந்தது என்பதும் நிஜம். திறந்தது சரியா தப்பா என்று நிபுணர்கள் அடித்துக்கொள்ளட்டும். என் கேள்வி அதைவிட எளிமையானது. திறந்ததை யாரிடம் சொன்னீர்கள்?

எச்சரிக்கை கொடுத்தோம் என்றது அரசு. எங்களுக்கு வரவில்லை என்றார்கள் ஆற்றோரத்து மக்கள். நன்றாக யோசித்துப் பாருங்கள், இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். அதுதான் பிரச்னையே. ஒரு அதிகாரி இன்னொரு அதிகாரிக்கு அனுப்பியதெல்லாம் எச்சரிக்கை கணக்கில் சேர்ந்துவிடுகிறது. ஜாபர்கான்பேட்டையில் கூரைக்கு மேலே ஏறி நின்றவனின் காதுக்கு அது வந்ததா என்று யாரும் பார்ப்பதில்லை.

அதன் பிறகாவது மாறியதா? 2024 டிசம்பர் 2, விடிவதற்கு முன்னால் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி போனது. தென்பெண்ணைக் கரையில் ஊர் ஊராகத் தண்ணீர். மறுபடி அதே வசனம். ஐந்து முறை எச்சரித்தோம் என்றது அரசு. எங்களுக்குத் தெரியாது என்றார்கள் ஜனங்கள். கட்சி மாறியிருந்தது. வசனம் மாறவில்லை.

முன்கூட்டியே சொன்னால் பீதி கிளம்பும் என்று ஒரு சமாதானம் உண்டு. எனக்குப் பிடிக்காத வார்த்தைகளில் முதல் இடம் இந்த ‘பீதி’க்குத்தான். ஜனங்களை நாலு வயசுக் குழந்தையாக நினைக்கிறவர்கள் கண்டுபிடித்த வார்த்தை. இருட்டில் தண்ணீர் படியேறும்போது யாரும் ஒன்றும் சொல்லாமல் இருக்கிறார்களே, அப்போது வருவதுதான் பீதி.

ஒடிசாவைப் பாருங்கள். 1999 சூப்பர் புயலில் அங்கே இறந்தவர்கள் சுமார் 10 ஆயிரம் பேர். 2013-ல் பைலின் புயல் வந்தபோது கிட்டத்தட்ட 10 லட்சம் பேரை முன்கூட்டியே அப்புறப்படுத்தினார்கள். சாவு ஆயிரக்கணக்கிலிருந்து பத்துக் கணக்குக்கு இறங்கியது. 2019-ல் ஃபானி புயலுக்கு 12 லட்சம் பேரை நகர்த்தினார்கள். நம்மைவிட ஏழை மாநிலம் அது. அங்கே பீதி கிளம்பவில்லை, பஸ் கிளம்பியது.

நம்மிடம் வசதி இல்லையா என்றால், இருக்கிறது. 2015-க்குப் பிறகு ஐஐடி பம்பாய், ஐஐடி மெட்ராஸ், அண்ணா பல்கலைக்கழகம் எல்லாம் கை கொடுத்து, சென்னையில் எந்தப் பகுதியில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று முன்கூட்டியே வரைபடம் போடுகிற அமைப்பையே உருவாக்கியிருக்கிறார்கள். பெயர் சி-ஃப்ளோஸ். நாலு படித்த பேர் இருக்கிற எங்கள் அபார்ட்மென்ட்டில் யாருக்கும் அந்தப் பெயர் தெரியாது. 2023 அக்டோபர் 20 அன்று தமிழ்நாடு முழுக்க ஒரே நேரத்தில் எல்லோர் போனும் அலறியதே, ஞாபகம் இருக்கிறதா? பேரிடர் எச்சரிக்கை ஒத்திகை. வகுப்பில், பஸ்ஸில், பூஜை அறையில் எல்லாம் அலறியது. ஆக, அலற வைக்கவும் தெரியும். அலறிவிட்டு என்ன சொல்வது என்பதில்தான் சிக்கல். ‘தாழ்வான பகுதி’ என்று சொல்வதற்காக என்றால் தயவுசெய்து அலற வேண்டாம்.

நாமும் யோக்கியர்கள் இல்லை. 2024 அக்டோபர் 15, சிவப்பு எச்சரிக்கை என்றதும் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். 2023-ல் கழுத்தளவு குளித்த என் பழைய மாருதியும் அந்த வரிசையில் இருந்தது. போலீஸ் ஃபைன் போடுகிறது என்று வதந்தி, இல்லை என்று போலீஸ் மறுப்பு. கடைசியில் பயந்த அளவுக்கு மழை இல்லை. உடனே என்ன செய்தோம்? மீம்ஸ்! “சிவப்பு எச்சரிக்கையா, சிவப்புத் தக்காளியா?” என்று எங்கள் குரூப்பிலேயே கிண்டல். எச்சரித்து மழை பெய்யாவிட்டால் கிண்டல், எச்சரிக்காமல் பெய்தால் வசவு. எந்த அதிகாரிதான் துணிந்து நம் தெருவின் பெயரைச் சொல்லி எச்சரிப்பார்? “கூடும்”, “வாய்ப்புள்ளது”, “ஓரிரு இடங்களில்” என்ற பாதுகாப்பான வார்த்தைகளுக்குள் அவர் ஒளிந்துகொள்வதில் நமக்கும் பங்கு இருக்கிறது. மேம்பாலத்திலிருந்து காரை உலர்ந்தபடி ஓட்டி வந்தேன். அதனால் எனக்கு என்ன நஷ்டம்? இரண்டு லிட்டர் பெட்ரோல். பெய்யாத மழைக்குக் கொடுத்த இன்ஷூரன்ஸ் என்று நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அதைவிடப் பெரிய குற்றம் ஒன்று இருக்கிறது. இந்த ரேடார், வாட்ஸப், மேம்பாலம் எல்லாம் போனும் காரும் உள்ளவர்கள் விவகாரம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு, ஆற்றோரம் ஆபத்து என்று சொல்லி அடையாறு, கூவம் கரைகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் கிளப்பி எங்கே கொண்டுபோய் வைத்தார்கள்? பலரைப் பெரும்பாக்கத்தில். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் பக்கத்தில்! எட்டு அடுக்குக் கட்டடம். கரன்ட் போனால் லிஃப்ட் இல்லை. மழை பெரிதாகப் பெய்தால் அங்கேயும் தண்ணீர். வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறேன் என்று சொல்லி வெள்ளத்துக்கே குடிவைத்த சாமர்த்தியத்தை என்னவென்று சொல்வது? அங்கே இருக்கிற வீட்டு வேலைக்காரப் பெண் ராத்திரி ரேடார் பார்க்க மாட்டாள். காலையில் நம் வீட்டுக்கு வர பஸ் ஓடுமா என்றுதான் பார்ப்பாள்.

அவளுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன். ஒவ்வொரு தெருவிலும் ஒரு லைட் கம்பத்தில் 2015-ல், 2023-ல் தண்ணீர் நின்ற உயரத்தை பெயின்ட்டில் கோடு போட்டுக் காட்ட எத்தனை ரூபாய் ஆகும்? வடிகாலுக்கு 4,000 கோடி செலவா, செலவில்லையா என்று 2023-ல் எவ்வளவு சண்டை போட்டார்கள்! அதில் ஒரு டப்பா பெயின்ட் தேறாதா? அந்தக் கோடு இருந்தால், “இன்று ராத்திரி இரண்டு மணிக்குள் மஞ்சள் கோட்டுக்கு வரும், ஸ்கூலுக்குப் போய்விடுங்கள்” என்று சொல்லிவிடலாம். பாட்டிக்கும் புரியும். சின்ன ஏரிகளின் மட்டத்தை மழை நாளில் மணிக்கு ஒரு தடவை சொல்லுங்கள். போன் இல்லாத தெருவுக்கு மைக் கட்டிய ஆட்டோவை அனுப்புங்கள். 2022-ல் தண்டோரா போடுவதை நிறுத்தச் சொன்னார்கள். ஒரு ஜாதி ஆட்களை மட்டும் பறையடிக்க வைத்த அந்த வழக்கம் ஒழிந்தது நல்லதுதான். அதற்குப் பதிலாக வண்டியில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கலாம் என்றார்கள். தேர்தல் வந்தால் சந்து சந்தாக நுழைகிற வண்டி, தண்ணீர் வரும்போது மட்டும் எங்கே போகிறது?

மிக்ஜாமுக்குப் பிறகு குடும்பத்துக்கு 6,000 ரூபாய் கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், அதை நம்பி இருந்தவர்கள் பலர். 2015-ல் நிவாரணப் பொட்டலங்களில் ஸ்டிக்கர் ஒட்டிய வேகத்தையும் பார்த்தோம். வந்த பிறகு கொடுக்க எல்லோருக்கும் தெரிகிறது. போட்டோ விழும். முன்னாடியே சொல்லிக் காப்பாற்றினால் போட்டோவில் என்ன இருக்கும்? காய்ந்த வீடும், குறட்டை விடும் ஜனங்களும்தான்.

அண்ணாச்சி விஷயத்தைப் பாதியில் விட்டுவிட்டேன். அந்த ராத்திரி ஆறாவது படியோடு தண்ணீர் நின்றது. வடிய நாலு நாளானது. அடுத்த இரண்டு வாரத்தில், டிசம்பர் 17-ம் தேதி, தெற்கே ஆரம்பித்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு சேர்ந்து நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். அண்ணாச்சிக்கு ஊர் அந்தப் பக்கம்தான். தங்கச்சி வீட்டில் அம்மா இருக்கிறார். போன் போகவில்லை.

ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மாடியேறி வந்து கதவைத் தட்டினார். “சார், உங்க போன்ல பாருங்களேன். எங்க ஊர்ல தண்ணி எதுவரைக்கும் நிக்குன்னு?”

சாட்டிலைட் படத்தை எடுத்துக் காட்டினேன். தென் மாவட்டங்களை மூடிக்கொண்டு வெள்ளையாக ஒரு பெரிய திட்டு. கண்ணைச் சுருக்கிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

“இதுல எங்க வீடு எங்க சார்?”

மூன்றாம் நாள் மத்தியானம்தான் லைன் கிடைத்தது. கேட் பக்கத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தார். எனக்கு ஜன்னலில் கேட்டது. “ஏளா, அம்மா எங்க இருக்கா? ஸ்கூல்லயா? சரி. சரி. தண்ணி எத்தனாவது படி வரைக்கும் வந்துச்சு?”